ரோம் கோயில் சுவரில் ஒரு மேஸ்திரி

1

நம் பங்குக் கோயில் மலருக்கு ஏதாவது எழுதி அனுப்பும்படி ஃபாதர் கேட்டு ஒரு மாதம் ஆகிறது. ரோமில் இருக்கிறாயே, அங்குள்ள பெரிய கோயில்களைப் பற்றி எழுது, படிக்கிறவர்களுக்கு ஒரு திருயாத்திரை போய் வந்த மாதிரி இருக்கும் என்றார். பெரிய கோயில்களைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. நான் இங்கே வந்து இந்த வாரத்தோடு பன்னிரண்டு வருடம் முடிகிறது. அந்தக் கோயில்களில் பாதிக்கு உள்ளே போனதில்லை. போன இடங்களிலும் தரையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பளிங்கை எதைப் போட்டுத் துடைக்கிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை துடைப்பார்கள் என்றுதான் புத்தி போகும்.

அதனால் ஒரே ஒரு சுவரைப் பற்றி எழுதுகிறேன். நடந்ததற்கு ஃபாதரே சாட்சி. நான் கூட்டிச் சொன்னால் அந்த வரியை அவர் அடித்துவிடலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் கீழ்க்கட்டளை ராயப்பனின் இரண்டாவது பெண், ரோஸலின். பத்தாவது வரை படித்தேன். சிஸ்டர்கள் மூலமாக, வயதான ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இங்கே வந்தேன். அவர் ஓய்வு பெற்ற டீச்சர். இந்த ஊர் வழக்கப்படி சின்யோரா என்று கூப்பிடுகிறேன். என் வீட்டுக்காரர் இரண்டு வருடம் கழித்து வந்து ஒரு ஓட்டல் சமையலறையில் சேர்ந்தார். மகள் ஸ்டெல்லாவை ஏழு வயதில் அழைத்துக்கொண்டோம். அவளுக்கு இப்போது பதினைந்து.

என்னைத் தெரிந்தவர்களுக்கும் என் குரல் தெரிந்திருக்காது. அவ்வளவாகப் பேச மாட்டேன்.

2

கீழ்க்கட்டளையில் இப்போது மாடி வீடுகள் வந்துவிட்டன என்று அக்கா எழுதுகிறாள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவுக்குப் பின்னால் கல் குவாரி. பகலில் சாப்பாட்டு நேரத்துக்குச் சிவப்புக் கொடி ஏறும். விசில் ஊதுவார்கள். அம்மா அலமாரியில் இருக்கும் டம்ளர்களைத் தரையில் இறக்கி வைப்பாள். வெடி வெடித்து முடிந்ததும் எடுத்து அடுக்குவாள். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. மழைக்காலத்தில் வெடி வைக்காத நாட்களில்கூட அவள் கை அந்த நேரத்துக்கு அலமாரிப் பக்கம் போகும்.

உடைந்த கல் ஜல்லியாகி லாரியில் போய்விடும். தூணுக்கும் படிக்கும் கேட்கிற நீளக் கல்லைத்தான் உடையாமல் மேலே கொண்டுவர வேண்டும். அதற்கு அப்பா மேஸ்திரி. இரண்டு பேர் முன்னால் கயிறு பிடிப்பார்கள். ஒருவர் பின்னால் கடப்பாரையோடு நிற்பார். அவர் கல்லின் அடியில் கொடுத்து நெம்புகிற அதே நொடியில் முன்னால் இருப்பவர்கள் இழுக்க வேண்டும். முந்தினால் கயிறு உள்ளங்கையைக் கிழிக்கும். பிந்தினால் கல் மறுபடி உட்கார்ந்துகொள்ளும், சில சமயம் கடப்பாரைக்காரர் காலின் மேல். அந்த நொடி எது என்று சொல்வதுதான் மேஸ்திரியின் வேலை.

அப்பா அதைத் திட்டித்தான் சொல்வார். அவர் வாயிலிருந்து வந்ததை எல்லாம் நம் மலரில் அச்சிட முடியாது. ஆனால் யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அவர் திட்டாமல் இருந்த அன்றைக்குத்தான், “இன்னா மேஸ்திரி, ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்பார்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து தாம்பரத்தில் சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடம். முதல் வாரமே ஒரு நாள் நேரமாகிவிட்டது. ஏன் என்று தமிழ் சிஸ்டர் கேட்டார். “பஸ்ஸு வர்ல சிஸ்டர். பல்லாவரத்தாண்ட கல்லு லாரி ரோட்ல குந்திகினு கீது” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. “பேருந்து வரவில்லை. சாலையின் நடுவே ஒரு சரக்குந்து நின்றுவிட்டது” என்று பத்துத் தடவை சொல்ல வைத்தார்.

அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. என்னைப் பத்தாவது வரை கொண்டுவந்தவர் அவர். இந்த வேலைக்கு என் பெயரைக் கொடுத்தவரும் அவர். இன்று நான் நாலு வரி ஒழுங்காக எழுதுகிறேன் என்றால் அது அவர் போட்ட பிச்சை. ஆனால் அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் வாயைத் திறப்பதை நிறுத்திக்கொண்டேன். பேசாத பெண்ணை யாரும் திருத்த முடியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகு, நாள் முழுவதும் சேர்த்து வைத்ததை எல்லாம் எங்கள் பாஷையில் கொட்டுவேன். கொஞ்சம் மூச்சு விடுடி என்பாள் அம்மா.

3

இங்கே வந்து முதல் வருடம் தலையை ஆட்டியே காலம் தள்ளினேன். காலையில் சின்யோராவைக் குளிக்க வைத்து, மாத்திரை கொடுத்து, ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போவேன். காய்கறி விற்கும் ஒரு பெரிய உடம்புக்காரி என்னை விடவே மாட்டாள். நான் பதில் சொல்லாவிட்டாலும் பேசிக்கொண்டே இருப்பாள். அவளிடம்தான் இத்தாலியன் கற்றேன்.

தங்குவதற்கான அனுமதிக் காகிதத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டார் அலுவலகத்தில் வரிசை. போட்டோ நான்கு கேட்பார்கள். நான்கோடு போனால் அடுத்த ஜன்னலில் இன்னொன்று கேட்பார்கள். சின்யோராவின் கையெழுத்து, அது அவருடையதுதான் என்பதற்கு வேறொரு கையெழுத்து. மூன்றாவது வருடம் முதல் முறையாகத் துணைக்கு யாரும் இல்லாமல் போனேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததைக் கடகடவென்று ஜன்னலில் சொன்னேன். உள்ளே இருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். பக்கத்து ஜன்னல்காரரைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை சொல்லுங்கள் அம்மா என்றார். சொன்னேன். எந்தத் தக்காளிக் கூடைக்குப் பின்னால் பிறந்தீர்கள் என்று கேட்டுச் சிரித்து, முத்திரையை உடனே குத்திக் கொடுத்தார்.

நான் பேசியது ரோம் மார்க்கெட்டின் பேச்சு. புத்தக இத்தாலியனுக்கும் அதற்கும், நம் வானொலிச் செய்திக்கும் ரிக்‌ஷா ஸ்டாண்டுக்கும் உள்ள தூரம். வீட்டுக்கு வந்து சின்யோராவிடம் சொன்னேன். அவர் என்னை எதிரில் உட்கார வைத்து, அதையே புத்தக இத்தாலியனில் சொல்லிக் காட்டினார். திரும்பச் சொல்லு என்றார். இங்கேயும் ஒரு சிஸ்டர் கிடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பத்துத் தடவை மட்டும் கேட்கவில்லை.

4

ஸ்டெல்லாவிடம் நாங்கள் பேசியது எங்கள் வீட்டுத் தமிழ்தான். பெற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ‘உணவு உண்டாயா’ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் அதையே பேசினாள், கணீரென்று, என்னைப் போல் இல்லாமல்.

இரண்டு வருடத்துக்கு முன்பு விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். அக்கா கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறாள். அவள் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம். போய் இறங்கி, கை கால் கழுவி, ஸ்டெல்லா நேராகச் சமையலறைக்குப் போய், “பெரிம்மா, துன்றதுக்கு இன்னா கீது?” என்றாள்.

அக்கா மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் தரையில் உருண்டான். “ஐயோ மம்மி, இட்டாலி பொண்ணு ஆட்டோக்காரர் மாதிரி பேசுது! ஸ்டெல்லா, ஒன்ஸ் மோர், ப்ளீஸ்!”

அவளும் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னாள். மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து சொல்ல வைத்தார்கள். மறுநாள் மாடி வீட்டுக்காரர்களுக்கு. அக்கா பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அவள் மேல் உயிராக இருந்தார்கள், எங்கே போனாலும் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். மூன்றாம் நாள் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். விமானத்தில், பசிக்குதா என்று நான் தமிழில் கேட்டேன். அவள் இத்தாலியனில் பதில் சொன்னாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் இத்தாலியனில் சொல்வாள். சண்டை இல்லை, கோபம் இல்லை. வீட்டுக்காரர் ஒரு தடவை அதட்டிப் பார்த்தார். நான் தடுத்துவிட்டேன். மொழியைக் கொடுத்தவள் நான், கேலிக்கு ஆளாகிற மாதிரி கொடுத்தவளும் நான் என்று இருந்தது. இவள் இப்படியே விட்டுவிட்டால் நாளைக்கு எனக்கு வயதானால் நான் யாரிடம் பேசுவேன் என்றும் சுயநலமாக ஒரு பயம்.

5

இனிச் சுவருக்கு வருகிறேன்.

இங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பழைய கோயில், பழைய கட்டடம் ஒன்றைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து, வருகிறவர்களுக்கு அவர்களே விளக்கிச் சொல்லும்படி பழக்குகிறார்கள். ஸ்டெல்லாவின் வகுப்புக்கு ஒரு கோயிலின் கீழ்த்தளம் கிடைத்தது. மேலே இருக்கிற கோயிலே பழசு. அதற்கு அடியில் அதைவிடப் பழசாக ஒன்று. காதை வைத்துக் கேட்டால் அதற்கும் அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம். அங்கே ஒரு சுவரில் தொள்ளாயிரம் வருடத்துப் படம் இருக்கிறது.

கதை இதுதான். ஒரு பெரிய மனிதர். மனைவி தனக்குத் தெரியாமல் பூசைக்குப் போகிறாள் என்று அவருக்கு ஆத்திரம். பூசை வைக்கிற புனிதரைக் கட்டி இழுத்துக்கொண்டு வரும்படி வேலைக்காரர்களை ஏவுகிறார். கடவுள் அவர்கள் கண்ணை மறைத்துவிடுகிறார். புனிதர் என்று நினைத்து அவர்கள் கட்டி இழுப்பது ஒரு கல் தூணை. தூண் நகரவில்லை, அதுதான் அங்கே நடந்த புதுமை, அற்புதம். படத்தில் ஒவ்வொருவர் பக்கத்திலும் அவர் பேசுவது எழுதியிருக்கிறது, நம் வாரப் பத்திரிகைகளில் வரும் படக்கதை மாதிரி.

அந்தக் காலத்தில் எழுத்து என்றால் லத்தீன். சாமியாரும் வக்கீலும் எழுதுவது லத்தீன். தெருவில் பேசுவது வேறு. தெருவில் பேசுவதை யாரும் எழுதத் தகுந்ததாக நினைக்கவில்லை. இந்தச் சுவரில் வேலை செய்த பெயின்டர் எழுதிவிட்டார். இத்தாலியர்கள் பேசுகிற மொழி எழுத்தில் கிடைக்கிற மிகப் பழைய இடங்களில் இதுவும் ஒன்று என்கிறார்கள். புனிதர் மட்டும் லத்தீனில் பேசுகிறார். அந்த லத்தீனிலும் பிழை இருக்கிறதாம். சின்யோரா அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஸ்டெல்லா சின்யோராவை எதிரில் உட்கார வைத்துப் பாடம் ஒப்பித்துப் பழகுவாள். ஒரு நாள் நான் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையிலிருந்து மகளின் குரலில் சத்தமாக ஒரு கெட்ட வார்த்தை. மார்க்கெட் பழக்கத்தால் எனக்கு அது நன்றாகவே தெரியும். கத்தியோடு ஓடினேன்.

சின்யோரா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். “பதறாதே ரோஸலின். அது கோயில் சுவரில் இருக்கிறது.”

உண்மைதான். தொள்ளாயிரம் வருடமாக இருக்கிறது. அந்தப் பெரிய மனிதர் தன் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் தாயாரைச் சேர்த்துத் திட்டி, இழுங்கடா என்கிறார். ஸ்டெல்லா ஒரு தபால் அட்டையை நீட்டினாள். இரண்டு பேர் கயிறு பிடிக்கிறார்கள். ஒருவன் பின்னால் கழியோடு. பெரிய மனிதர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது உன் தாத்தா வேலை என்று சொல்ல வந்தேன். தாத்தா கட்டட வேலை பார்த்தார் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். குவாரி என்று சொன்னதில்லை. அக்கா பிள்ளைகளிடம் பட்டது போதாதா, இது வேறு எதற்கு என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேரட்டுக்குப் போய்விட்டேன்.

6

அப்போதுதான் ஃபாதர் போன் செய்தார். நம் பங்கிலிருந்து முப்பது பேர் திருயாத்திரையாக வருகிறோம் என்றார்.

“ஸ்டெல்லா அந்தக் கோயில்ல விளக்கம் சொல்றாளாமே? நமக்குத் தமிழ்ல சொல்லட்டுமே ரோஸலின்.”

“அவளுக்குத் தமிழ் அவ்வளவா வராது ஃபாதர்.”

“அப்படியா? சரி, இங்கிலீஷ்ல சொல்லட்டும். நான் தமிழ்ப்படுத்திடறேன்.”

முப்பது பேர் முன்னால் அவள் வாயைத் திறந்து, மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தால், அதோடு தமிழ் முடிந்தது. அதனால்தான் பொய் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதை இப்போது எழுத்திலேயே சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை எல்லாரும் வந்தார்கள். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, ஆண்கள் தலையில் குரங்குக் குல்லா. மூன்று நாளாகக் கோயில் கோயிலாக நடந்து கால் வீங்கியிருந்தது. அவர்களில் சவரி அண்ணனைக் கண்டதும் எனக்குத் திக்கென்றது. குவாரியில் அப்பாவின் ஆள். வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பி வைத்திருக்கிறான். எழுபதுக்கு மேல் இருக்கும். தோள் மட்டும் இன்னும் தோளாக இருந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் கடைசியில் போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

கீழே ஈரமும் இருட்டும். ஸ்டெல்லா டார்ச்சைச் சுவரில் அடித்து இங்கிலீஷில் ஆரம்பித்தாள். ஃபாதர் அவருடைய பிரசங்கத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் கொட்டாவி. ஓர் அம்மா செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்தார். பெரிய மனிதர் திட்டும் இடம் வந்தது. ஸ்டெல்லா தயங்காமல் இங்கிலீஷில் சொன்னாள். ஃபாதர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “‘அன்பு மக்களே, இழுங்கள்’ என்று அந்தப் பிரபு கூறுகின்றார்” என்றார்.

ஸ்டெல்லா டார்ச்சை இறக்கிவிட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும் என்பது ஃபாதருக்குத் தெரியாது. நான்தான் வராது என்று சொல்லியிருந்தேனே.

ஃபாதர் விளக்கத்தைத் தொடர்ந்தார். “பின்னால் நிற்கும் இந்தச் சேவகனோ, புனிதரைத் தடியால் அடிக்கப் பாய்கின்றான்.”

“அடிக்கல ஃபாதர். நெம்ப போறான்.”

அதைச் சொன்னது யார் என்று நானும் சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் எத்தனை ஆயிரம் தடவை பார்த்த காரியம் அது. விட முடியவில்லை.

“கல்லுக்கு அடில குட்த்து நெம்புனாதான் முன்னாண்ட கீறவங்க இஸ்க்க முடியும் ஃபாதர்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

சவரி அண்ணன் குல்லாவைக் கழற்றினார். “யாரு? நம்ம ராயப்பன் மேஸ்திரி பொண்ணா? ரோசியா நீ? அட, சரியாதான சொல்லுது! அடிக்கிறவன் கழிய இப்டியா புடிப்பான்?” அவர் ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். “இது உன் பொண்ணா? பாப்பா, அந்தப் பெரிய மன்சன் மெய்யாலுமே இன்னாதான் சொல்றான்? அன்பு மக்களேன்னு எந்த மேஸ்திரியும் சொல்ல மாட்டானே. நீ சொல்லு.”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டத்தான் நினைத்தேன். தலை அசையவில்லை. அவள் முன்னால் திரும்பி, டார்ச்சை அந்த ஆளின் வாயருகே கொண்டுபோனாள்.

“இவுரு சொல்றாரு, டேய் கஸ்மாலங்களா, இஸ்ங்கடா! கோஸ்மாரி, ஆல்பர்தெல், இஸ்ங்கடா! டேய் கரியா, நீ இன்னாடா நின்னுகினு கீற? கழிய எட்த்துகினு பின்னாண்ட போ!”

கஸ்மாலம் என்பது, பால் பொங்கி அடுப்பில் வழியும்போது நான் சொல்வது. சுவரில் இருக்கிற வார்த்தையைவிட ரொம்பச் சாது.

முப்பது பேரும் சிரித்த சிரிப்பில் அந்தக் கீழ்த்தளமே அதிர்ந்தது. காலைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா பக்கத்தில் இருந்தவர் மேல் சாய்ந்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ஸ்டெல்லாவின் முகத்தை மட்டும் பார்த்தேன். அது இறுகிக்கொண்டு வந்தது. அக்கா வீட்டில் மூன்றாம் நாள் பார்த்த முகம். டார்ச்சை அணைத்துவிட்டாள்.

“ஏ, சிரிக்காதீங்க, சும்மாருங்க!” சவரி அண்ணன்தான் அதட்டினார். “பாப்பா, லைட்டு போடு. கயிறு எங்க கட்டிக்கிறான் பாரு, மேலயா அடியிலயா?”

அவள் டார்ச்சைப் போட்டாள். சுவரோடு முகத்தை வைத்துப் பார்த்தாள். “சரியா தெர்ல தாத்தா. இங்க பெயின்ட்டு போய்ட்ச்சு.”

“சரி, அத்த உடு. கல்லுக்கு அடில உருட்டுக்கட்ட எதுனா போட்டுக்கிறானா?”

“இல்ல தாத்தா. தரைலதான் கீது.”

“அதான் வர்ல! கட்ட இல்லாம இஸ்தா எப்டி வரும்? இதுல புதுமை இன்னா கீது?”

“சவரி!” என்றார் ஃபாதர்.

“மன்னிச்சுக்கோங்க ஃபாதர். தொழில் தெரிஞ்சவன், வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.” அவர் மறுபடி அவளிடம் குனிந்தார். “இன்னாமோ கரியான்னியே, அது நீயா சொன்னதா?”

“இல்ல தாத்தா, எழுதிக்குது. கார்வொன்செல்லே. கரின்னு அர்த்தம்.”

சவரி அண்ணன் கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்தார். “கேட்டுக்கினியா? ராயப்பன் மேஸ்திரி என்ன கரியான்னுதான் கூப்புடுவாரு. பதினோரு வருசம் அவுருக்குக் கடப்பாரை புடிச்சவன் நான். என் பேரு ரோம்ல எழுதிக்குது பாருய்யா!”

ஸ்டெல்லா என்னிடம் திரும்பினாள். “தாத்தாவா? இந்த வேலையா?”

நான் தலையாட்டினேன்.

“இதே மாதிரி கத்துவாரா?”

“இதெல்லாம் இன்னா சவுண்டு?” என்றார் சவரி அண்ணன். “உன் தாத்தா இங்க கத்துனா அங்க பஸ்ஸு நின்னுடும்.”

இப்போது அவளும் சிரித்தாள். பெண்கள் சுவரை நெருங்கி வந்தார்கள். இவன் யார், அவன் ஏன் அப்படிப் பார்க்கிறான், அந்த மனைவி எங்கே என்று ஆளுக்கொரு கேள்வி. அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், எங்கள் வீட்டுத் தமிழில், இடையிடையே இத்தாலியன் கலந்து. கடைசியில் யாரோ கேட்டார்கள்: “அப்ப புனிதர் இன்னா சொல்றாரும்மா?”

“அத்த ஃபாதர்தான் சொல்ணும்” என்றாள் ஸ்டெல்லா. “புனிதர் லத்தீன்ல பேசறாரு. ஃபாதர் மாதிரி.”

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டு, அங்கியைச் சரி செய்து, “உங்கள் இருதயக் கடினத்தினிமித்தம் கற்களை இழுக்கவே நீங்கள் தகுதி பெற்றீர்கள்” என்றார்.

“கரெக்டு” என்றார் சவரி அண்ணன். “கோயில்ல அப்டிதான் பேசுவாங்க.”

7

அன்றிலிருந்து எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய். ஸ்டெல்லா இப்போதும் பாதிக்கு மேல் இத்தாலியனில்தான் பேசுகிறாள். கோபம் வந்தால் முழுக்க இத்தாலியன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. இந்தக் குறிப்பை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முதலில் கேட்டது, கஸ்மாலத்தை ஃபாதர் அச்சில் விடுவாரா என்பதுதான். அதை ஃபாதர் முடிவு செய்யட்டும். அந்தப் பெயின்டருக்கும் மேலே ஒரு சாமியார் இருந்திருப்பார், அவர் விட்டிருக்கிறார்.

சின்யோராவிடம் நடந்ததைச் சொன்னேன். அப்பா வேலை நேரத்தில் சொல்வதைச் சொல்லிக் காட்டு என்றார். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிக் காட்டினேன். அவருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. திருத்தவில்லை.

அன்று பகல் மேலே வெளிச்சத்துக்கு வந்தபோது நடந்ததோடு நிறுத்துகிறேன். வெளியே தெருவில் யாத்திரைக்காரர்களின் பஸ் நின்றது. எதிர்ப்பக்கம் ஸ்டெல்லாவின் டீச்சரும், அடுத்த முறைக்கு நிற்கும் அவள் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும். அந்தப் பிள்ளைகள் இருந்தால் நான் ஒதுங்கி நடப்பேன். அவளும் என்னை மெதுவாகத்தான் கூப்பிடுவாள். அதனால் நான் கோயில் வாசலிலேயே, என் பையை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தேன். சவரி அண்ணன் அவளை அடுத்த கோயிலுக்கும் தங்களோடு வரச் சொல்லிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தான். ஸ்டெல்லா படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கு மேலாக என்னைத் தேடினாள்.

“யம்மோவ்! அங்க இன்னா நின்னுகினு கீற? ஓடியா, இந்தாளு வண்டிய எட்த்துடப் போறான்!”

டீச்சர் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் பார்த்தார்கள். அந்தத் தெருவே பார்த்தது.

“வந்துகினே கீறேன்டி!” என்று கத்திக்கொண்டு நான் ஓடினேன்.